எடுத்துக்காட்டு உவமையும் பிறிது மொழிதலும்: மாணவர் குழப்பத்திற்கு வழி தேவை

வணக்கம். ஏற்காட்டு மலைக் கிராமம் ஒன்றில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். உருவகம், நிரல்நிறை ஆகிய அணிகளை மாணவர்கள் எளிதில் கண்டுகொள்கிறார்கள்; ஆனால் எடுத்துக்காட்டு உவமையணியையும் (உவமையும் பொருளும் வந்து, உருபு மறைவது) பிறிது மொழிதல் அணியையும் (உவமையை மட்டும் கூறிப் பொருளை உய்த்துணர வைப்பது) ஜூன் மாதம் தொடங்கி இன்றுவரை மாற்றி மாற்றியே எழுதுகிறார்கள்.

'அகர முதல' என்னும் முதற்குறளில் உவமையும் பொருளும் தனித்தனித் தொடர்களாக நிற்க, இடையில் 'போல' என்பது போன்ற உவம உருபு மறைந்துள்ளது என்பது அவர்களுக்குப் புரிகிறது. 'பீலிபெய் சாகாடும்' என்னும் 475ஆம் குறளுக்கு வரும்போதுதான் தடுமாறுகிறார்கள். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமை மட்டுமே அங்கே உண்டு. எளிய பகைவரும் பலர் திரண்டால் வலியவனை வெல்வர் என்பது உரை கூறும் பொருள்; குறளிலோ பகைவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஒரு மாணவி அச்சு முறிந்த வண்டியை அழகாக வரைந்து, அதன் கீழே 'பகைவர் கூட்டம்' என்று எழுதி, "பொருளும் இருக்கிறதே ஐயா" என்றாள். மனப்பாடம் செய்த உரையைக் குறளின் பகுதியாகவே அவள் எண்ணுகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

'போல' சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டிலும் உருபு இல்லாததால் பயனில்லை. சில்வர் ஓக் மரத்தைப் பற்றிப் படரும் மிளகுக்கொடியையும் தாயைப் பற்றி வளரும் பிள்ளையையும் இரு தொடர்களாகக் கூறி, பின்பு இரண்டாம் தொடரை அழித்தும் காட்டினேன். வகுப்பில் புரிந்தது, தேர்வுத்தாளில் மறைந்துவிட்டது.

உரையை முன்பே மனப்பாடம் செய்துவிட்ட மாணவர்களை, குறளில் உள்ள சொற்களை மட்டும் கொண்டு அணியைக் கண்டறியச் செய்ய, நீங்கள் வகுப்பில் செய்து பலன் கண்ட பயிற்சி எது?