கூட்டுறவு தொடங்கினால் தொழிற்சங்கத்துக்கு ஆள் சேருமா?

வாயில்கூட்டம்:
தோழர்களே, நிரந்தரத் தொழிலாளர்கள் ஓய்வுபெறப் பெற, சந்தா கட்டுவோர் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த இடங்களுக்கு வருவது ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான். அவர்களுக்கு முதலாளி யார் என்பதே தகராறு, கோரிக்கை மனுவை யாரிடம் கொடுப்பது? துப்புரவு, கேன்டீன், சரக்கு ஏற்றி இறக்கும் வேலைகளைத் தொழிலாளர் கூட்டுறவு மூலம் ஒப்பந்தமாக எடுத்து, அதில் சேர்பவர்களைச் சங்கத்துக்குள் கொண்டுவரலாம் என்று செயற்குழுவில் பேச்சு இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? “நாமே முதலாளி ஆன பிறகு சங்கம் எதற்கு?” என்று கேட்டால் என்ன சொல்வது?

துணைவிதி:
கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். கூட்டுறவில் ஆளுக்கு ஒரு ஓட்டு உண்டு. ஆனால் பொதுக்குழு கூடுவது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் ஷிப்ட் போடுவதும் மெமோ கொடுப்பதும் மேலாளர். அவர் முன்னால் போய் நிற்கும் உறுப்பினருக்குக் கூட வர ஒரு பிரதிநிதி வேண்டும், அதற்குத்தான் சங்கம்.

அமெரிக்க எஃகுத் தொழிலாளர் சங்கமும் ஸ்பெயினின் தொழிலாளர் கூட்டுறவான மொண்ட்ராகனும் 2009இல் உடன்பாடு செய்துகொண்டன. அதன் தொடர்ச்சியாக 2012இல் வந்த, தொழிற்சங்கம் உள்ள கூட்டுறவுக்கான மாதிரியில் பொதுக்குழு இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கும், இயக்குநர் குழு மேலாளரை நியமிக்கும், தொழிற்சங்கக் குழு மேலாளர் தரப்போடு ஊதிய ஒப்பந்தம் பேசும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று: இயக்குநர் குழுவில் இருப்பவர் சங்கக் குழுவில் இருக்கக் கூடாது. கூட்டுறவின் உள்விதிகளான துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒரே தலைவர் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்.

அடுத்த சிக்கல், கூலி ஆட்கள். வேலை பெருகும்போது பழைய உறுப்பினர்கள் புதியவர்களை உறுப்பினராக்காமல் கூலிக்கு வைப்பார்கள், உபரியைப் பங்கு போட ஆள் குறையுமே! அப்படியே விட்டால் கூட்டுறவு இன்னொரு கான்ட்ராக்டர் ஆகிவிடும். ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்தவருக்கு உறுப்பினராகும் உரிமை என்று விதி வையுங்கள்.

பங்குத்தொகை யாரையும் வெளியே நிறுத்தக் கூடாது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1985இல் தொடங்கிய வீட்டுப் பராமரிப்புத் தொழிலாளர் கூட்டுறவில் பங்கு 1,000 டாலர். முதலில் 50 டாலர் கட்டினால் போதும், மீதியை வாரம் 3.65 டாலராகச் சம்பளத்தில் பிடித்தார்கள், கணக்குத் தீர ஐந்து ஆண்டு. அங்கே தொழிற்சங்கம் வந்தது 2003இல்தான்.

இருநபர்ஜாமீன்:
எடுத்த எடுப்பில் வேலை ஒப்பந்தம் எடுப்பதை நான் ஏற்கவில்லை. முதலில் சிக்கன நாணயச் சங்கம், அதாவது உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்து அவர்களுக்கே கடன் கொடுக்கும் கூட்டுறவு. ஒப்பந்தத் தொழிலாளர் வாய் திறக்காததற்கு முக்கியக் காரணம் மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம். அந்தக் கடனைத் தீர்க்காமல் உறுப்பினர் படிவத்தை நீட்டிப் பயனில்லை.

மாதச் சேமிப்பு, ஆறு மாதம் கழித்துக் கடன், சேமிப்பைப் போல மூன்று மடங்கு உச்சவரம்பு, இரண்டு நபர் ஜாமீன். சம்பளப் பிடித்தம் நிர்வாகத்தின் தயவில் இருப்பதால் அதை நம்ப வேண்டாம். சம்பள நாளன்றே நேரில் வசூலித்து அங்கேயே ரசீது கொடுங்கள். தொழிற்சங்கச் சந்தாவும் சேமிப்பும் ஒரே ரசீதில் வரவே கூடாது, சேமிப்பில் சிக்கல் வந்தால் தொழிற்சங்கமும் சேர்ந்து கெட்டுப்போகும். தொழிற்சங்கத் தேர்தலுக்கு முன்பு கடன் தள்ளுபடி கேட்பார்கள், உறுதியாக மறுக்க வேண்டும்.

சுயதொழில் செய்யும் பெண்களின் அமைப்பான அகமதாபாத்தின் சேவா 1972இல் தொழிற்சங்கமாகப் பதிவானது. முதலாளியே இல்லாத பெண்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம் என்றுதான் அங்கும் முதலில் தடை வந்தது. 1974இலேயே வங்கி தொடங்கிவிட்டார்கள்.

வாயில்கூட்டம்:
நாணயச் சங்கம் முதலில் என்பது சரியாகப் படுகிறது. பிறகு ஒப்பந்தம் எடுப்பதானால் கையில் எவ்வளவு வேண்டும்?

ரேட்கணக்கு:
மூன்று மாதச் சம்பளம். முதல் மாத வேலைக்கு மாத முடிவில் பில் போடுவீர்கள், 60 நாளில் பணம் வந்தால்கூட அதற்குள் மூன்று சம்பளம் கொடுத்திருப்பீர்கள். வைப்புத்தொகை, சீருடை, காப்பீடு தனி. இந்த இடத்தில்தான் பெரும்பாலும் கூட்டுறவு கவிழ்கிறது, உறுப்பினர்களின் ஒற்றுமை குறைந்து அல்ல.

டெண்டருக்கு ரேட் போடும்போது விடுப்புச் சம்பளத்தையும் மாற்று ஆள் செலவையும் சேர்க்க மறக்கிறார்கள். பிறகு அதைத் தங்கள் கூலியில்தான் குறைக்க வேண்டிவரும். எனவே வரிசையை மாற்றாதீர்கள்: ஷிப்ட் வாரியாகப் பெயர்ப் பட்டியல், ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச்சு, தொழிற்சங்க உறுப்பினர் படிவத்தில் பத்தில் ஏழு பேராவது கையெழுத்து, குறைந்தபட்ச ரேட் குறித்து எல்லா ஒப்பந்ததாரரோடும் உடன்பாடு. கூட்டுறவின் டெண்டர் அதற்குப் பிறகுதான், அதுவும் அந்த ரேட்டுக்குக் கீழே போகாமல். வேலைநிறுத்தம் நடக்கும் இடத்து வேலையை எடுப்பதில்லை என்பதையும் துணைவிதியில் சேருங்கள். நிர்வாகம் முதலில் தூண்டில் போடுவது அங்கேதான்.