வுர்லிட்சர் 1015 என்று விற்கப்படும் ஜூக்பாக்ஸ்: அசல் என்று எப்படி அறிவது?

அரக்குத்தட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பத்து ஆண்டுகளாக 78 சுற்று (நிமிடத்துக்கு 78 முறை சுழலும்) இசைத்தட்டுகளைச் சேர்த்து வருகிறேன். நாணயம் போட்டால் நாம் தேர்ந்தெடுத்த பாட்டை ஒலிக்கும் ஜூக்பாக்ஸ் பெட்டி எதையும் இதுவரை வாங்கியதில்லை. இப்போது ஒருவர் தம்மிடமுள்ள வுர்லிட்சர் 1015 பெட்டியை விற்க முன்வந்திருக்கிறார். வளைந்த மேற்பகுதி, நிறம் மாறிக்கொண்டே இருக்கும் பக்கத் தூண்கள், குழாய்களுக்குள் ஏறும் குமிழிகள் என யாவும் நான் படங்களில் பார்த்தபடியே உள்ளன. 1946-ஆம் ஆண்டுப் பெட்டி என்கிறார். ஆனால் அவ்வளவு வயதான ஒரு பொருளில் எங்குமே மங்கலோ கீறலோ இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. அசல்தான் என்று எதைக் கொண்டு உறுதி செய்வது? முதன்முதலாக வாங்குபவருக்கு இந்தப் பெட்டி ஏற்றதுதானா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுழல்முள் எழுதியது:

முன்கதவைத் திறந்து பார்க்கும்வரை முடிவு எதையும் எடுக்காதீர்கள். வெளித்தோற்றம் இதில் சாட்சியாகாது. ஏனென்றால் 1980களில் ஜெர்மனியிலிருந்த வுர்லிட்சர் நிறுவனமே இதே வடிவத்தில் ‘ஒன் மோர் டைம்’ என்ற பெயரில் ஒரு பெட்டியைத் தயாரித்து விற்றது. அது நேர்மையான தயாரிப்புதான். 45 சுற்றுத் தட்டுகளையும், பிந்தைய வகைகளில் குறுந்தட்டுகளையும் ஒலிக்கச் செய்தது. அதை 1946-இன் பெட்டி என்று சொல்லி விற்பதுதான் தவறு.

அசல் 1015-இல் 78 சுற்றுத் தட்டுகள் 24, ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த தனித்தனித் தாங்கிகளில் இருக்கும். நாம் தேர்ந்தெடுத்த தட்டின் தாங்கி வெளியே நகர்ந்து வந்ததும், கீழிருந்து சுழல்மேடை எழுந்து, தட்டைத் தன்மேல் ஏந்தி, மேலே காத்திருக்கும் முள்வரை கொண்டு செல்லும். ஆகவே ஒவ்வொரு தட்டிலும் மேற்பக்கம் மட்டுமே ஒலிக்கும்; 24 தட்டுக்கு 24 பாடல்கள்தான். அந்த மேடை எழும் காட்சியைக் கண்ணாடி வழியே பார்ப்பதற்காகவே நான் இன்னொரு முறை நாணயம் போடுவேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அசல் பெட்டிகள் சிலவற்றைப் பிற்கால உரிமையாளர்கள் 45 சுற்றுக்கு மாற்றியிருக்கிறார்கள். எனவே சிறிய தட்டுகளைக் கண்டவுடன் போலி என்று ஒதுக்கிவிடாமல், இயந்திர அமைப்பையும், ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரில் வால்வுகள் என்னும் பழைய கண்ணாடிக் குழல்கள் உள்ளனவா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழையஒலி எழுதியது:

இந்தப் பெட்டிக்கு ஏன் இத்தனை நகல்கள் வந்தன என்பதை அறிய அதன் காலத்தைப் பார்க்க வேண்டும். 1889-இல் சான் பிரான்சிஸ்கோவின் மதுக்கூடம் ஒன்றில் லூயிஸ் கிளாஸ் என்பவர் எடிசன் ஃபோனோகிராஃபில் நாணயத் துளையைப் பொருத்தி, குழாய்களைக் காதில் வைத்துக் கேட்கச் செய்தார். 1927-இல் ஏ.எம்.ஐ. நிறுவனம் மின்சார ஒலிபெருக்கத்தைச் சேர்த்த பிறகே கூடம் முழுவதும் ஒரே பாட்டைக் கேட்க முடிந்தது. 1942-இல் உலகப் போரின் காரணமாக அமெரிக்காவில் ஜூக்பாக்ஸ் உற்பத்தி நின்றது. போர் முடிந்ததும், புதிய பெட்டிகளுக்காகக் காத்திருந்த சந்தைக்குள் பால் ஃபுல்லர் வடிவமைத்த 1015 நுழைந்தது. 56,000-க்கும் மேற்பட்டவை விற்றன.

ஆனால் அதன் ஆட்சி மிகக் குறுகியது. சீபர்க் நிறுவனம் 1948-இல் எம்100ஏ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் தட்டு செங்குத்தாக நின்றபடியே இரு பக்கமும் ஒலிக்கும். ஆகவே 50 தட்டுகளில் 100 பாடல்கள். பெட்டிகளைக் கடைகளில் வைத்து நாணயம் சேர்க்கும் தொழில்காரருக்கு, 24 பாடல்களுக்கும் 100 பாடல்களுக்கும் உள்ள வேறுபாடு நேரடியாக வருமானத்தின் வேறுபாடு. 1950-இல் எம்100பி வந்து 45 சுற்றுத் தட்டுகளுக்கு மாறியது. இயந்திர அளவில் முந்தப்பட்டுவிட்ட 1015, அழகினால் மட்டுமே நிலைத்தது என்பது என் துணிபு.

வால்வுவெளிச்சம் எழுதியது:

பழையஒலி ஐயாவின் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சுழல்முள் விவரித்த அந்த மேடையின் அசைவும் அழகுதானே? அதை வெறும் அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

கேட்டவருக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் வாங்கிய முதல் பெட்டி பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தது. ஓடுகிறது என்று விற்றவர் உறுதி சொன்னதால், வீட்டுக்கு வந்த அன்றே மின்சாரம் கொடுத்தேன். பழைய காகித மின்தேக்கிகள் கசிந்து, சில நிமிடங்களில் மின்மாற்றி கருகிவிட்டது. மின்தேக்கிகளை மாற்றும் சிறிய வேலையை முதலில் செய்திருந்தால், ஈடு கிடைக்காத அந்த அசல் பாகம் தப்பியிருக்கும். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது.

இயந்திரத்தில் உள்ள மசகும் காலப்போக்கில் இறுகிவிடும். அசையாத பாகத்தைக் கையால் தள்ளாதீர்கள். பழைய மசகைத் துடைத்தெடுத்த பிறகே சுழற்றிப் பாருங்கள். நிறம் மங்கிய பிளாஸ்டிக்கைக் கழற்றிப் புதியது பொருத்தினால், பழையதைத் தூக்கி எறியாமல் பெட்டியோடு சேர்த்து வையுங்கள்.

உங்களிடம் இருப்பவை 78 சுற்றுத் தட்டுகள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். அக்காலப் பெட்டிகளில் முள்ளின் அழுத்தம் அதிகம். கிடைத்தற்கு அரிய தட்டுகளை அவற்றில் இடாதீர்கள். பல பிரதிகள் உள்ளவற்றை மட்டும் அதற்கென ஒதுக்குங்கள்.

அரக்குத்தட்டு எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. நேற்று நேரில் சென்று கதவைத் திறந்து காட்டச் சொன்னேன். அடுக்கிய தாங்கிகளும் இல்லை, வால்வுகளும் இல்லை. 45 சுற்றுத் தட்டுகளும் மின்சுற்றுப் பலகைகளுமே இருந்தன. விற்பவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தம் உறவினர் விட்டுச் சென்ற பெட்டி என்றும், அவர் சொன்னதையே தாமும் நம்பியதாகவும் கூறினார். பெட்டி அழகாகப் பாடியது. ஆயினும் என் தட்டுகளை அதில் கேட்க முடியாது என்பதால் வாங்கவில்லை.

பழையஒலி ஐயா குறிப்பிட்ட எம்100ஏ 78 சுற்றுப் பெட்டிதானே? என் தேவைக்கு 1015-ஐ விட அதுவே பொருந்துமோ என்று எண்ணுகிறேன்.

பழையஒலி எழுதியது:

ஆம், அது 78 சுற்றுப் பெட்டிதான். இரு பக்கமும் நல்ல பாடல் உள்ள தட்டுகள் உங்களிடம் இருந்தால் அதன் அருமை தெரியும். வால்வுவெளிச்சம் சொன்ன மின்தேக்கி விஷயம் அதற்கும் பொருந்தும்; கண்டுபிடித்தால் மின்சாரம் கொடுக்கும் முன் உட்புறப் படங்களை இங்கே இடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.