லப்டொப் இல்லாத பிள்ளையளுக்குப் போனில பைதன்: சரியா, பிழையா?

குளக்கட்டு:
அக்கராயன் பக்கம் எங்கட வாசிகசாலையில, உயர்தரம் எழுதிப்போட்டு நிக்கிற பிள்ளையளுக்குப் பின்னேர வகுப்பொண்டு தொடங்கப் போறம். மொபைலுக்கும் நெற்வேர்க்குக்கும் புரோகிராம் எழுதப் பழக்கிறதுதான் நோக்கம். ஆன்ட்ரொயிட் போனில டெர்மக்ஸ் எண்ட, லினக்ஸ் மாதிரிக் கட்டளை தட்டுற அப்பைப் போட்டு, அதுக்குள்ள பைதன் எண்ட புரோகிராம் மொழியைப் படிப்பிக்கலாம் எண்டு நினைக்கிறன். 2022இல ரூபாய் விழுந்த பிறகு லப்டொப் வாங்கிறது இஞ்சத்தைக் குடும்பங்களுக்குப் பெரும்பாடு. போன் எல்லாரிட்டயும் இருக்கு. டெர்மக்ஸ் இலவசம், மூலநிரல் திறந்து கிடக்கு, போனை ரூட் பண்ணவும் (முழு அதிகாரத்தோட பூட்டைத் திறக்கவும்) தேவையில்லை. பைதன், வேற கணினிக்குள்ள தூர இருந்து போற எஸ்எஸ்எச், எழுதின நிரலின்ர பதிப்புகளைக் காக்கிற கிற், நெற்வேர்க்கில என்னென்ன திறந்து கிடக்கு எண்டு துழாவுற என்மாப் எல்லாம் ஒவ்வொரு வரிக் கட்டளையில இறங்கும்.

கடைசியில பிள்ளையள் சேர்ந்து செய்ய ஒரு வேலையும் யோசிச்சு வைச்சிருக்கிறன். எங்கட ஊர்க் குளத்தின்ர நீர்மட்டத்தை ஈஎஸ்பி32 எண்ட சின்ன வைஃபைக் கணினிப் பலகை ஒண்டு அளக்க வேணும். அந்த அளவு ஒரு பழைய போனுக்கு வந்து, மட்டம் கூடினா அந்தப் போன் கமக்கார அமைப்புக்காரருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேணும். 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் என்ன பாடு படுத்தினது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திட்டத்தில ஓட்டை இருந்தா இப்பவே சொல்லுங்கோ.

மல்லாவியான்:
அண்ணை, நோக்கம் நல்லது. வழிதான் பிழை. நான் கொழும்பில ஆன்ட்ரொயிட் அப் எழுதுற வேலை செய்யிறன். வேலைக்கு வாற பிள்ளையளிட்ட நாங்கள் கேக்கிறது அப் எழுதுற கொட்லின் மொழி, இல்லாட்டி ஃபிளட்டர் எண்ட கருவித்தொகுதி. கூகிள் 2017இல கொட்லினை ஏற்று, 2019இல ஆன்ட்ரொயிட்டுக்கு அதுதான் முதல் தெரிவு எண்டு அறிவிச்சிட்டுது.

போனில ஸ்கிரிப்ட் (சின்னப் புரோகிராம்) எழுதுற ஆசை பழைய ஆசை. நொக்கியா தன்ர எஸ்60 போனுகளுக்குப் பைதன் குடுத்தது, 2006இல மூலநிரலையும் திறந்து விட்டது. அந்தப் போன் வகையே இப்ப இல்லை. 2009இல கூகிள் பக்கத்தில இருந்து எஸ்எல்4ஏ எண்ட, ஸ்கிரிப்ட் ஓட்டுற அப் வந்தது. பைதன், பேர்ள், லூவா எல்லாம் ஆன்ட்ரொயிட்டில ஓடும் எண்டு எத்தினையோ பேர் நம்பிப் படிச்சினம். அதுவும் கைவிடப்பட்டுப் போச்சு.

டெர்மக்ஸின்ர நிலைமையையும் பாருங்கோ. ஆன்ட்ரொயிட் 10ஐ இலக்கு வைச்சுக் கட்டின அப், தன்ர கோப்புறைக்குள்ள இறக்கின கோப்பை நேரா இயக்கேலாது எண்டு கூகிள் விதி போட்டது. டெர்மக்ஸ் வேலை செய்யிறதே அந்த வழியில. அதாலதான் பிளே ஸ்ரோரில இருந்த டெர்மக்ஸ் 2020ஓட புதுப்பிப்பு இல்லாமல் நிண்டுபோய், ஆக்கள் எஃப்-டிரொயிட் எண்ட வேற அப் களஞ்சியத்தில இருந்து இறக்க வேண்டி வந்தது. கூகிள் அடுத்த விதி எப்ப போடும் எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதை நம்பி ஏன் ஒரு வகுப்பு?

கோபுரத்தான்:
மல்லாவியான் மொபைலைப் பற்றி மட்டும் கதைக்கிறார். நெற்வேர்க் பக்கத்தை நான் சொல்லுறன். வவுனியாவில இருந்து வேலை செய்யிறன். ரவரும் ரவுட்டரும்தான் என்ர சோறு.

இந்தத் துறையில பைதனை ஒதுக்கி வைச்சிட்டு இனி நிக்கேலாது. ரவுட்டர் செய்யிற சிஸ்கோ கம்பனியின்ர சிசிஎன்ஏ எண்ட நெற்வேர்க் பரீட்சையிலயே 10 வீதம் தன்னியக்கமும் புரோகிராமும்தான். கன சாதனங்களை ஒரேயடியா அமைக்கிற அன்சிபிள் பைதனில எழுதினது. பத்து ரவுட்டரில ஒரே கடவுச்சொல்லை மாத்த வேணும் எண்டு வையுங்கோ. கையால செய்தா ஒவ்வொண்டுக்கும் எஸ்எஸ்எச்சில போய், தட்டி, பார்த்து, வெளிய வரவேணும், ஏழாவதில ஒரு எழுத்துப் பிழைக்கும். பரமிக்கோ எண்ட நூலகத்தால எஸ்எஸ்எச் இணைப்பைப் பைதனுக்குள்ளயே திறக்கலாம். ஆனா ரவுட்டர் பதில் சொல்லி முடிச்சிட்டுதோ இல்லையோ எண்டு நாங்கள்தான் ஊகிக்க வேணும். அதுக்கு மேல கட்டின நெற்மிக்கோ, ரவுட்டரின்ர கட்டளைக்குறி (அடுத்த கட்டளைக்குத் தயார் எண்டு காட்டுற குறி) திரும்ப வரும்வரை தானே காத்து நிண்டு, வந்த பதிலை முழுசா எடுத்துத் தரும். சிஸ்கோ ரவுட்டருக்கும் ஓடும், மைக்ரோரிக் ரவுட்டருக்கும் ஓடும். இதைக் கொட்லினில செய்யிற ஆளை நான் காணேல்லை.

அண்ணைக்கு ஒரு எச்சரிக்கையும் இருக்கு. என்மாப்பைப் பிள்ளையளின்ர கையில குடுக்க முதல், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தைச் சொல்லிக் குடுங்கோ. உரிமையாளரின்ர அனுமதி இல்லாமல் மற்றவையின்ர கணினிக்குள்ள போறது இந்த நாட்டில குற்றம். வங்கியின்ர வைஃபையிலயும் பள்ளிக்கூடத்து ரவுட்டரிலயும் கை வைச்சுப் பாக்கிற வயது அது. வகுப்புக்கெண்டு தனி ரவுட்டர் ஒண்டு இருக்க வேணும், அதுக்குள்ள மட்டும்தான் சோதனை.

ஐசிரி_ரீச்சர்:
"போன் எல்லாரிட்டயும் இருக்கு" எண்டு குளக்கட்டு அண்ணை எழுதினதை நான் ஏற்க மாட்டன். ஒட்டுசுட்டான் பக்கம் படிப்பிக்கிறன். கனக்க வீடுகளில ஒரே ஒரு நல்ல போன்தான். அது பகல் முழுக்கத் தகப்பனோட வயலுக்கோ வேலைக்கோ போயிடும். பின்னேரம் வந்தாலும் முதலில தம்பியின்ர கைக்குத்தான் போகும், அக்காவின்ர முறை பேந்துதான். போனை நம்பி வகுப்பு வைச்சா முதலில நிண்டுபோறது பெண்பிள்ளையள்.

அதோட, பைதனில வரி உள்தள்ளி எழுதிறது முக்கியம். ஒரே தொகுதிக்குள்ள ஒரு வரிக்கு நாலு இடைவெளியும் அடுத்த வரிக்கு மூண்டும் விட்டா ஓடாது. அதைச் சின்னத் திரையில பெருவிரலால தட்டச் சொன்னா, பிள்ளை மொழியை வெறுத்திடும்.

ஆனா பைதனை விடச் சொல்லி நான் சொல்லேல்லை. சாதாரண தரத்தில பாஸ்கல் படிச்சு, உயர்தர ஐசிரியில பைதனைத் தொட்டுப்போட்டு வாற பிள்ளையள் இவை. தெரிஞ்ச இடத்தில இருந்துதான் தொடங்க வேணும். மல்லாவியான் தம்பி, ஆன்ட்ரொயிட் ஸ்ரூடியோ ஓட குறைஞ்சது 8 ஜிபி ராம் கேக்குது. எங்கட பள்ளிக்கூட ஆய்வுகூடத்து மிஷின்களில அது கனவிலயும் நடவாது. கொழும்பு வேலைக்கு எது தேவை எண்டு நீங்கள் சொல்லுறது சரி. அந்த இடத்துக்குப் போக முதல் இந்தப் பிள்ளை எதில பழகும்?

என்ர யோசனை: ஒரு பழைய டெஸ்க்டொப்பை எடுங்கோ. 4 ஜிபி ராம் காணும். அதில டெபியன் எண்ட இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, திரை இல்லாமல் சேர்வரா (எல்லாரும் இணையிற பொதுக் கணினியா) வைச்சு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்குத் திறவுங்கோ. ஆர்ர போன் எண்டாலும் பரவாயில்லை, வாசிகசாலை வைஃபையில எஸ்எஸ்எச்சால உள்ள வரட்டும். எழுதினதெல்லாம் சேர்வரில கிடக்கும். போனைத் தம்பி பறிச்சாலும் பிள்ளையின்ர வேலை அழியாது. விசைப்பலகை நாலைஞ்சு வாங்கி ஓரிஜி வயரால போனுக்குக் கொழுவுங்கோ. முதல் நாளே நெற்வேர்க்கில கணினியின்ர இலக்கமான ஐபி முகவரி, சேவைக்கு வாசலான போர்ட், கோப்பை ஆர் தொடலாம் எண்ட உரிமை எல்லாம் கையால பழகியும் போடுவினம்.

மல்லாவியான்:
ரீச்சரின்ர சேர்வர் யோசனையை முழு மனதோட ஏற்கிறன். அதில பைதன் படிப்பியுங்கோ, நெற்மிக்கோ படிப்பியுங்கோ. ஆனா அதை "மொபைல் புரோகிராமிங்" எண்டு பிள்ளையளுக்குச் சொல்லாதேங்கோ. போனில ஓடுற கட்டளைத்திரை வேற, சனம் தொட்டுப் பாவிக்கிற அப் வேற. திரை அமைப்பு, அனுமதிகள், பின்னணியில ஓடுறது, பற்றரி, இதுகளைப் படிக்காத பிள்ளைக்கு மொபைல் தெரியும் எண்டு சான்றிதழ் குடுத்தா, பேந்து வேலைக்கு வந்து அழப்போறது அந்தப் பிள்ளைதான்.

குளத்து வேலையில எனக்குப் பயமே இருக்கு. ஆன்ட்ரொயிட் 12இல இருந்து, அப்புகள் பிறப்பிக்கிற துணைச் செயற்பாடுகள் 32க்கு மேல போனா சிஸ்ரமே அதுகளைக் கொல்லும். போன் கம்பனிகள் பற்றரி மிச்சம் பிடிக்கிறம் எண்டு தங்கட பாட்டில இன்னும் கொல்லும். நடுச்சாமத்தில மழை கொட்டேக்க ஸ்கிரிப்ட் செத்துக் கிடந்தா, எஸ்எம்எஸ் வரேல்லை, அப்ப பயமில்லை எண்டு சனம் படுத்திருக்கும். அதுக்கு ஆர் பொறுப்பு?

குளக்கட்டு:
ரீச்சர், சேர்வர் யோசனையை எடுக்கிறன். விசைப்பலகைக்கும் காசு சேர்ப்பம்.

மல்லாவியான் தம்பி, ஆன்ட்ரொயிட்டில பைதனுக்கு எதிர்காலமே இல்லை எண்ட மாதிரி எழுதுறீர். 2024 ஒக்டோபரில வந்த பைதன் 3.13 ஆன்ட்ரொயிட்டையும் ஐஓஎஸ்ஸையும் மூண்டாம் நிலை ஆதரவுள்ள தளங்களா ஏற்றிட்டுது. அடிநிலைதான், ஆனா பைதன் செய்யிற ஆக்களே பொறுப்பெடுத்தது. எஸ்எல்4ஏ காலத்தில அது இருக்கேல்லை.

அப் எழுதிப் பிளே ஸ்ரோரில போடுறதும் லேசில்லை. கணக்குத் திறக்க 25 டொலர். புதுசாத் தனி ஆளாத் திறந்தா 12 பேரை வைச்சு 14 நாள் சோதிக்க வேணும். எஸ்எம்எஸ் அனுமதியோ, எஸ்எம்எஸ் பாக்கிற பிரதான அப்பா இருந்தாலொழிய 2019இல இருந்து சும்மா தரமாட்டினம். டெர்மக்ஸில அதுக்கு, போனின்ர வசதிகளைக் கட்டளையால பாவிக்க விடுற ஏபிஐ துணை அப் இருக்கு, ஒரு வரியில எஸ்எம்எஸ் போகும். டெர்மக்ஸையும் அதையும் ஒரே இடத்தில இருந்து இறக்கினாச் சரி. நீர் சொன்ன துணைச் செயற்பாட்டுக் கட்டுப்பாட்டையும் ஆன்ட்ரொயிட் 14இல டெவலப்பர் தெரிவுகளுக்குள்ள நிப்பாட்டலாம்.

வயல்வெளி:
எனக்குப் புரோகிராம் தெரியாது. மகன் காட்டி வாசிச்சனான். நான் கமக்கார அமைப்பில இருக்கிறவன், அதால குளத்தைப் பற்றி மட்டும் சொல்லுறன்.

வெள்ள எச்சரிக்கையில தொடங்காதேங்கோ. குளம் வான் பாயிறது குளத்தடியில பெய்யிற மழையால மட்டும் இல்லை. கனகராயன் ஆறு மாதிரி, எங்கயோ தெற்க பெய்தது ஆறா வந்து சேரும். இரணைமடு மாதிரிப் பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களம் கதவைத் திறக்கிறதும் அறிவிக்கிறதும் அவையின்ர கடமை. உங்கட போனில இருந்து ரெண்டு தரம் பொய்ச் செய்தி வந்து, சனம் பிள்ளை குட்டியோட பள்ளிக்கூடத்துக்கு ஓடினா, மூண்டாம் தரம் திணைக்களம் சொன்னாலும் அசையாதுகள்.

எங்களுக்கு உண்மையா உதவுறது சிறுபோகத்தில. குளத்தில எவ்வளவு தண்ணி நிக்குது எண்டு பாத்துத்தான் எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு கூட்டத்தில முடிவெடுக்கிறது. பேந்து வாய்க்கால் வாய்க்காலா முறை வைச்சுத் திறக்கேக்க ஒவ்வொரு முறையும் சண்டை. "நேற்று எவ்வளவு இறங்கினது, ஆர்ர முறையில இறங்கினது" எண்டு கேட்டா எழுத்தில ஒண்டும் இல்லை. ஒவ்வொரு நாளும் காலமையும் பின்னேரமும் மட்டத்தைக் குறிச்சு எல்லாரின்ர போனுக்கும் அனுப்பினா, அரைவாசிச் சண்டை நிண்டிடும். அது ஒரு நாள் பிந்தினாலும் ஆரும் சாகப் போறேல்லை.

கோபுரத்தான்:
ஐயா சொன்னதுதான் இந்த வேலைக்குச் சரியான பாதை. எங்க கவனம் வேணும் எண்டு நான் சொல்லுறன்.

பலகையில மைக்ரோபைதன் எண்ட, சின்னப் பலகைகளுக்கான பைதனைப் போடுங்கோ. 2013இல டேமியன் ஜோர்ஜ் பொதுமக்களிட்டக் காசு சேர்த்துத் தொடங்கினது, மூலநிரல் திறந்தது. சேர்வரில படிச்ச கிட்டத்தட்ட அதே பைதன்தான் பலகையிலயும் எழுதுவினம். தண்ணிக்கு மேல நிண்டு ஒலியால தூரம் அளக்கிற மீயொலி உணரியை அப்பிடியே நம்பாதேங்கோ. ஒலியின்ர வேகம் 20 பாகை செல்சியசில செக்கனுக்கு 343 மீற்றர் அளவு. ஒவ்வொரு பாகைக்கும் 0.6 மீற்றர் கூடும். விடியப்புறமும் மத்தியானமும் 10 பாகை வித்தியாசம் எண்டா, 3 மீற்றர் தூரத்தில 5 சென்ரிமீற்றர் பிழைக்கும். சின்னக் குளத்தில அது எவ்வளவு தண்ணி எண்டு ஐயாவுக்குத் தெரியும். வெப்ப உணரி ஒண்டும் பக்கத்தில வைச்சு, கணக்கில திருத்துங்கோ.

அனுப்பிறதுக்கு எம்கியூரிரி எண்ட, சாதனங்கள் சின்னச் செய்திகள் அனுப்புற நெறிமுறை. 1999இல எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியாக் கண்காணிக்க உண்டாக்கினது. அதில ஒவ்வொரு செய்திக்கும் முன்னால வாற நிலையான தலைப்பு 2 பைற்றில இருந்து தொடங்குது, அதால சிக்னல் நலிஞ்ச இடத்திலயும் டேட்டா கரையாது. அந்தச் செய்திகளை வாங்கிப் பகிர்ந்து குடுக்கிற மொஸ்கிற்றோவை ரீச்சரின்ர டெபியனில ஏத்தலாம். பலகை இணைக்கேக்கயே "நான் செத்தா இதைச் சொல்லு" எண்டு ஒரு செய்தியைச் சேர்வரிட்டக் குடுத்து வைக்க எம்கியூரிரியில வழி இருக்கு. இணைப்பு அறுந்தா சேர்வர் அதை எல்லாருக்கும் அறிவிக்கும். மல்லாவியான் பயந்த மௌனத்துக்கு இது ஒரு பங்கு மருந்து. முழு மருந்து இல்லை, சேர்வருக்கே கரண்ட் போனா அதுவும் நிண்டிடும்.

ஐசிரி_ரீச்சர்:
எஸ்எம்எஸ் தமிழில போக வேணும். அதில ஒரு நல்ல பாடம் இருக்கு. ஆங்கில எழுத்தெண்டா ஒரு எஸ்எம்எஸ்ஸில 160 கொள்ளும், தமிழ் யுனிகோட் எண்டா 70தான். அந்த 70உம் நாங்கள் எண்ணுற எழுத்தில்லை. "நீர்மட்டம்" எங்களுக்கு 6 எழுத்து, பைதனிட்ட நீளம் கேட்டா 10 எண்டு சொல்லும், ஏனெண்டா விசிறியும் புள்ளியும் தனித்தனியா எண்ணுப்படும். 70ஐத் தாண்டினா செய்தி 67, 67ஆப் பிரிஞ்சு ரெண்டு எஸ்எம்எஸ்ஸின்ர காசு போகும். குளத்தின்ர பேர், திகதி, மட்டம், நேற்றையில இருந்து ஏறினதோ இறங்கினதோ, இவ்வளவையும் 70க்குள்ள அடக்கிற ஸ்கிரிப்டைப் பிள்ளையள் எழுதட்டும்.

மல்லாவியான்:
நாளாந்த மட்டம் எண்டா எனக்கு மறுப்பில்லை. எச்சரிக்கை எண்ட சொல்லை மட்டும் திட்டத்தில இருந்து எடுங்கோ. "மொபைல்" எண்ட பேரிலயும் நான் விடமாட்டன். ஆறு மாதத்துக்குப் பிறகாவது, விருப்பமான பிள்ளையளுக்குக் கொட்லின் தொடங்க வேணும். 8 ஜிபி மிஷின் ரெண்டு பழசா எடுத்துத் தர இஞ்ச நண்பர்களிட்டக் கேக்கிறன். அதோட எழுதுற எல்லாத்தையும் கிற்றில போட்டு, எந்தப் பதிப்பு எண்டு குறிச்சு, அடுத்த வருசப் பிள்ளை வாசிச்சு விளங்கிற மாதிரித் தமிழில குறிப்பெழுத வைக்க வேணும். எழுதின பிள்ளை பல்கலைக்கழகம் போனதும் செத்துப்போன ஸ்கிரிப்டுகள் கனக்கக் கண்டிருக்கிறன்.

வயல்வெளி:
ஒரு நிபந்தனை. குளத்தில நிக்கிற அளவுகோலை ஆள் பாத்துக் கொப்பியில எழுதிறதை நிப்பாட்டக் கூடாது. ஒரு போகம் முழுக்க ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாப்பம். சிறுபோகக் கூட்டத்தில நான் எடுத்துச் சொல்லுறன். உணரி பூட்டத் திணைக்களத்தின்ர அனுமதியும் வேணும், கடிதத்தை ரீச்சர் எழுதித் தந்தா நல்லம்.

குளக்கட்டு:
"எச்சரிக்கை"யை எடுத்தாச்சு. வகுப்பின்ர பேரை "பைதனும் நெற்வேர்க்கும்" எண்டு மாத்திறன். கொட்லினுக்கு மல்லாவியான் தம்பி வந்து படிப்பிச்சா மட்டும்தான் மொபைல் எண்ட சொல் அதில ஏறும். கோபுரத்தான், வகுப்புக்கெண்டு தனி ரவுட்டர் ஒண்டு வேணும் எண்டு சொன்னனீங்கள். மைக்ரோரிக் பழசு ஒண்டு உங்கட பக்கம் கிடைக்குமே?

கோபுரத்தான்:
கிடைக்கும். கடவுச்சொல் அழிச்சு, முதல் நிலைக்குக் கொண்டுவந்து தாறன். அதைத் திரும்ப அமைக்கிற ஸ்கிரிப்ட்தான் முதல் பாடமா இருக்கட்டும்.