ஸ்டாட்ஸ் (புள்ளியியல்) மாஸ்டர்ஸ் / பிஹெச்டி அட்மிஷன்: உங்க சான்ஸ யாரு, எப்படிக் கணிச்சாங்க? அனுபவம் சொல்லுங்க

தாம்பரம்_லோக்கல்
ஜிஆர்இ தேர்வோட குவாண்ட் (மேத்ஸ்) பகுதில 170-க்கு 169, பிஎஸ்சி ஸ்டாட்ஸ் 8.9 சிஜிபிஏ, இந்த ரெண்ட மட்டும் கேட்டுட்டு தி.நகர்ல வெளிநாட்டுப் படிப்புக்கு வழி சொல்ற ஒரு கன்சல்டன்சி மேடம் சிஸ்டத்துல தட்டுனாங்க, உடனே யூனிவர்சிட்டி லிஸ்ட் பிரிண்ட் ஆகி வந்துருச்சு, ஆம்பிஷியஸ் சிவப்பு, மாடரேட் மஞ்சள், சேஃப் பச்சை. மார்க்‌ஷீட் ஃபைல் என் மடியிலதான் இருந்துச்சு, திறக்கச் சொல்லவே இல்ல. அப்பா கேட்டாரு, "தனித்தனியா மேத்ஸ் மார்க்கெல்லாம் பாக்க வேணாமாம்மா?"ன்னு. "அதெல்லாம் ஓவரால்ல வந்துரும் சார்"னுட்டாங்க.

அதே ஃபைல எங்க காலேஜ் சார் ஒருத்தர்கிட்ட ரெக்கமண்டேஷன் லெட்டருக்காகக் கொண்டுபோனேன். அவரு முதல் பக்கம் பாக்கல, ஜிஆர்இ கேக்கல, நேரா மூணாவது செமஸ்டர் ஷீட்ட எடுத்து ரியல் அனாலிசிஸ் 58ங்கற வரில விரல வச்சாரு. வச்ச விரல எடுக்காமலே பேசுனாரு. "பிஹெச்டி கமிட்டி முதல்ல இங்கதான் வரும். லீனியர் ஆல்ஜீப்ரா 91, ப்ராபபிலிட்டி 88, அது உன்னக் காப்பாத்தும். ஆனா இந்த 58 ஏன்னு யாராவது எழுதணும், நான் எழுதுறேன்." அந்த செமஸ்டர் எனக்கு டெங்கு, பாதி கிளாஸ் போகல, அது அவருக்குத் தெரியும். பச்சை அடிச்ச இடங்கள்ல பாதிக்கு மேல ரிஜெக்ட், மஞ்சள்ல ஒண்ணு ஓகே ஆச்சு, அது மாஸ்டர்ஸ். ஒருத்தரோட மார்க்‌ஷீட்டத் திறக்காமலே எப்படி பச்சை அடிக்க முடியுது, அதுதான் இன்னும் எனக்கு ஆறல.

எம்ஸ்டாட்_பழசு
நம்ம ஊர்ப் பக்கம் கதை வேற. ஐஎஸ்ஐ (இந்தியப் புள்ளியியல் நிறுவனம்) எம்.ஸ்டாட் எழுத்துத் தேர்வு காலைல அப்ஜெக்டிவ், மத்தியானம் டிஸ்க்ரிப்டிவ், தாண்டுனா இன்டர்வியூ. நான் போன வருஷம் உள்ள நாலஞ்சு பேர் உக்காந்திருந்தாங்க, கையில சாக்பீஸ் குடுத்துட்டாங்க. பைனோமியல், அதாவது n தடவை முயற்சி, ஒவ்வொண்ணுலயும் ஜெயிக்க வாய்ப்பு p, ஜெயிச்சது எக்ஸ் தடவை, "p-க்கு அன்பயஸ்டு எஸ்டிமேட்டர் சொல்லு", அதாவது சராசரியா பாத்தா சரியா p-யே வர்ற கணிப்பு, எக்ஸ் பை n-னேன். "p ஸ்கொயருக்கு?" அதுவும் போட்டேன். "1 பை p-க்கு?" அங்க நின்னுட்டேன். எழுதுறேன், அழிக்கிறேன், யாரும் ஹின்ட் குடுக்கல. ஒரு கட்டத்துல, எந்த எஸ்டிமேட்டர் எடுத்தாலும் எக்ஸ்பெக்டேஷன் (சராசரி மதிப்பு) p-ல ஒரு பாலினாமியலாதான வரும், p பூஜ்யத்துக்குப் பக்கத்துல போனா பாலினாமியல் ஒரு எல்லைக்குள்ளயே இருக்கும் ஆனா 1 பை p எகிறிப் போயிடும், அப்போ அப்படி ஒண்ணு இருக்கவே முடியாதுன்னு வாய்ல வந்துருச்சு. ஒருத்தர் தலையாட்டிட்டு பேப்பர்ல ஏதோ குறிச்சாரு. பர்சென்டேஜ் என்னன்னு கடைசி வரைக்கும் யாருமே கேக்கல. என்கூட வந்த பையன் கோல்டு மெடலிஸ்ட், அவனுக்குக் கிடைக்கல, எனக்குக் கிடைச்சுது. அவன்கிட்ட என்ன கேட்டாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல, கேக்க மனசு வரல.

காவேரிக்கரை
@தாம்பரம்_லோக்கல் தம்பி, உங்க சார் சொன்னது சரி, ஆனா நீங்க மாஸ்டர்ஸையும் பிஹெச்டியையும் ஒரே தராசுல போடுறீங்க. என் கதை சின்னது, நான் அமெரிக்காவுல மிட்வெஸ்ட்ல பிஹெச்டி பண்ணேன், அட்மிட் ஆனவங்கள கூப்பிட்டுக் காட்டுற விசிட் டேல ஒரு புரொஃபசர்கிட்ட என்னை ஏன் எடுத்தீங்கன்னு நேராவே கேட்டேன், "உன் லெட்டர்ல ஒருத்தர், நீ ஒரு ப்ரூஃப்ல ஓட்டை கண்டுபிடிச்சு கிளாஸ் முடிஞ்சதும் வந்து சொன்னதா எழுதியிருந்தாரு"ன்னாரு. அவ்ளோதான்.

இப்போ விஷயத்துக்கு வரேன். மாஸ்டர்ஸ் பெரும்பாலும் நம்ம காசு, சீட்டும் அதிகம், அதனால ஓவரால் ஜிபிஏ, குவாண்ட் ஸ்கோர் எல்லாம் ஓரளவுக்குப் பேசும். பிஹெச்டில டிபார்ட்மென்ட் உங்களுக்கு ஃபீஸ் கட்டி டீச்சிங் அசிஸ்டன்ட் வேலைக்குச் சம்பளமும் குடுக்குது, முதல் வருஷ தியரி கோர்ஸ், குவாலிஃபையிங் எக்ஸாம் இவன் தாண்டுவானாங்கறதுதான் அவங்க கவலை, அதுக்குத்தான் அனாலிசிஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, ப்ராபபிலிட்டி கிரேட நோண்டுறாங்க. ஸ்டான்ஃபோர்ட் மாதிரி இடத்துல ஒரு காலத்துல மேத்ஸுக்குன்னே தனியா இருக்குற சப்ஜெக்ட் ஜிஆர்இயே கேட்டாங்க. 169-க்கும் 170-க்கும் அங்க யாரும் அழ மாட்டாங்க. அடுத்து, மூணு வருஷ பிஎஸ்சிய சில இடம் ஏத்துக்கும், சில இடம் ஏத்துக்காது, ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடி கிராஜுவேட் ஸ்கூலுக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுடுங்க, இத எந்தக் கன்சல்டன்சியும் சொல்லாது. அப்புறம் எல்லாரும் ஸ்டான்ஃபோர்ட், பெர்க்லி, சிகாகோன்னே போடுறீங்க, நார்த் கரோலினா ஸ்டேட், ஐயோவா ஸ்டேட் எல்லாம் பெரிய பழைய டிபார்ட்மென்ட், நம்ம பசங்க நிறைய பேர் அங்க படிச்சு நல்லா வந்திருக்காங்க. பயோஸ்டாட்ஸ (மருத்துவ, உயிரியல் புள்ளியியல்) தனியா பாருங்க, அது பொதுவா பப்ளிக் ஹெல்த் ஸ்கூல்ல இருக்கும், அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச் காசுல நிறைய ஓடுது, 2025ல அந்தக் காசுல கை வச்சப்போ பல இடத்துல பிஹெச்டி சீட்டையே குறைச்சாங்க, அந்த வருஷம் கிடைக்காதவங்க தன்ன நொந்துக்க வேண்டியதில்ல.

ஃபேக்டோரியல்
சீனியர் ஒருத்தர் ஜூம்ல என்கிட்ட சொன்னது: "அந்த டிபார்ட்மென்ட் ஆக்செப்டன்ஸ் ரேட் 8 சதவீதம், அப்போ உன் சான்ஸ் 8 சதவீதம்." அவரே ஸ்டாட்ஸ் பிஹெச்டி!! எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. 1973 பெர்க்லி டேட்டா நாம எல்லாரும் கிளாஸ்ல படிச்சதுதான, ஆம்பளைங்க 8,442 பேர் அப்ளை பண்ணி 44 சதவீதம் உள்ள போனாங்க, பொம்பளைங்க 4,321 பேர்ல 35 சதவீதம், பாத்தா பாரபட்சம் மாதிரி இருக்கும், டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டா பிரிச்சா அந்தப் படம் அப்படியே மாறிடும், ஏன்னா சீட்டு கிடைக்கவே கஷ்டமான டிபார்ட்மென்ட்டுக்குப் பொண்ணுங்க அதிகமா போட்டிருந்தாங்க. 1975ல சயன்ஸ் பத்திரிகைல வந்த கட்டுரை, எழுதுன மூணு பேர்ல பிக்கல் பெர்க்லி ஸ்டாட்ஸ் ஆளு. அட்மிஷன் டேட்டாவ வச்சுதான் நமக்கு இந்த சிம்ப்சன் பாரடாக்ஸே (மொத்தமா பாத்தா ஒண்ணு, பிரிச்சுப் பாத்தா வேற ஒண்ணு தெரியுறது) சொல்லிக் குடுக்குறாங்க, அதே ஆளுங்க அட்மிஷன்னு வந்தா மொத்த ரேட்ட எடுத்து நம்ம தலையில ஒட்டுறாங்க.

@காவேரிக்கரை சார், லெட்டர் லெட்டர்னு சொல்றீங்க, அறுபது பேர் கிளாஸ்ல, டிஸ்கஷனே இல்லாத காலேஜ்ல படிச்ச பொண்ணு கிளாஸ் முடிஞ்சு யாருகிட்ட போய் ப்ரூஃப் ஓட்டை சொல்லுவா? எங்க காலேஜ்ல லெட்டர நீயே எழுதிட்டு வா, கையெழுத்துப் போடுறேன்னுதான் சொல்வாங்க. கமிட்டிக்கு அது படிச்ச உடனே தெரிஞ்சுடும்.

நெல்லைப்பொண்ணு
எனக்கு நெருடுறது ஒரே வாக்கியம், "வெயிட்லிஸ்ட்னா நாகரிகமான ரிஜெக்ட்." நான் ஒரு பிஹெச்டி வெயிட்லிஸ்ட்ல இருந்தப்போ, மார்ச்ல ஒரு அண்ணன் அவ்ளோ உறுதியா சொன்னாரு. அத நம்பி அப்பா வேற ஒரு மாஸ்டர்ஸுக்கு லோன் பேப்பர்ல கையெழுத்துப் போட பேங்குக்குக் கிளம்பிட்டாங்க, நான்தான் ஏப்ரல் 15 தாண்டட்டும்பான்னு நிறுத்தி வச்சேன். ஃபண்டிங்கோட ஆஃபர் வச்சிருக்கவங்க பதில் சொல்ல அமெரிக்காவுல பொதுவா அதுதான் கடைசி நாள், நிறைய பேர் அதுக்கு முன்னாடி முடிவு சொல்லிடுவாங்க, விட்டுட்டுப் போறவங்க சீட்டு அந்தக் கடைசி நேரத்துலதான் கீழ இறங்கும்.

15ஆம் தேதி ராத்திரி ஒன்பதரை இருக்கும், அம்மா கிரைண்டர் போட்டிருந்தாங்க, மெயில் வந்துச்சு, "இன்னும் விருப்பம் இருக்கா, இன்னைக்கே பதில் வேணும்." கிரைண்டர ஆஃப் பண்ணச் சொல்லிட்டு நின்னுக்கிட்டே எஸ்னு அனுப்பிட்டேன், அஞ்சு வருஷ ஃபண்டிங், அப்பா பேங்குக்குப் போகவே இல்ல. அந்த அண்ணன் நல்லவர்தான், கெட்டது நினைக்கல. ஆனா ஒரு வார்த்தைல ஒரு வீட்டையே கடன்காரங்க ஆக்கப் பாத்தாரு.

@ஃபேக்டோரியல் அக்கா, லெட்டர் விஷயத்துல நீங்க சொல்றது எனக்கும் நடந்துச்சு. நான் சம்மர்ல ஒரு ப்ராஜெக்ட் பண்ண இடத்து மேடம்கிட்ட வாங்குனேன், ரெண்டு மாசப் பழக்கம்தான், ஆனா அவங்க உக்காந்து அவங்களே எழுதுனாங்க.

தாம்பரம்_லோக்கல்
@காவேரிக்கரை சார், நான் பிஹெச்டி, மாஸ்டர்ஸ் ரெண்டுமே போட்டேன், கன்சல்டன்சி ரெண்டுக்கும் ஒரே கலர்தான் அடிச்சாங்க, என் வருத்தமே அதுதான். அந்த மாஸ்டர்ஸுக்கு போகல, ஃபீஸ் தாங்காது. இப்போ அந்த 58-க்கு என்ன பண்ணலாம்னு யாராச்சும் சொல்லுங்க.

எம்ஸ்டாட்_பழசு
தம்பி, ஐஐடி எம்எஸ்சிக்கான நுழைவுத் தேர்வு ஜாம்ல மேத்தமெட்டிக்கல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் எழுதுங்க, 60 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம், பொதுவா செப்டம்பர்ல அப்ளிகேஷன், பிப்ரவரில எக்ஸாம். கான்பூர், பாம்பே ஐஐடில எம்எஸ்சி கிடைச்சு அங்க அனாலிசிஸ், மெஷர் தியரில நல்ல கிரேட் வாங்கிட்டீங்கன்னா அதுக்கப்புறம் அப்ளை பண்ணும்போது அந்த 58 பழைய வரி ஆயிடும். ஐஎஸ்ஐயும் சேத்து எழுதுங்க, ஃபீஸ் கிடையாது, ஸ்டைபண்டும் உண்டு, பழைய பேப்பரெல்லாம் அவங்க சைட்லயே கிடக்கு. டிஸ்க்ரிப்டிவ் பார்ட்ட மட்டும் யாராச்சும் ஒருத்தர திருத்தச் சொல்லி எழுதிப் பாருங்க, உங்க சார் ரிட்டயர் ஆகலன்னா அவரே போதும்.