வஞ்சிரத்துக்குத் தோலை உரிச்சா விஷம் போயிடுமாம்!

பழைய வாத்தியார்: நேத்து மீன் வறுவல் பேச்சுல காசிமேட்டுத் தம்பி எழுதினது இது: "கடல்ல என்ன ரசாயனம் கலந்தா என்ன, தோலை உரிச்சு கொழுப்பை வழிச்சுட்டா மீன் சுத்தம்." படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. முப்பது வருஷம் வேதியியல் நடத்தினவன் நான். பாதரசம் தோல்லயா உட்கார்ந்திருக்கு? மீன்ல சேர்ற பாதரச வடிவம் மீத்தைல் பாதரசம், அது புரதத்தைப் பிடிச்சுக்கும், அதாவது நீங்க ருசிச்சுத் தின்ற சதையை. உரிச்சாலும் போகாது, பொரிச்சாலும் போகாது.

காசிமேட்டுத் தம்பி: வாங்க சார், பாடம் ஆரம்பிச்சாச்சா? பாதரசம்னு நான் எங்க சொன்னேன்? நான் சொன்னது டிடிடி பூச்சி மருந்து, அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய்ல போட்ட பிசிபி ரசாயனம். அது ரெண்டும் கொழுப்புலதான் தேங்கும். தோலையும் வயித்துக் கொழுப்பையும் எடுத்தா குறையும்.

பழைய வாத்தியார்: நேத்து "சுத்தம்". இன்னிக்கு "குறையும்". எது உங்க வார்த்தை?

கிளாத்தி ரசிகை: இருங்க. வஞ்சிரத்துக்கு யாருங்க தோல் உரிக்கிறாங்க? துண்டு போட்டு அப்படியே சட்டியில போடுற மீன் அது. உரிக்கிறது கிளாத்திக்கு.

காசிமேட்டுத் தம்பி: எங்க வீட்டுல உரிப்போம்க்கா.

கிளாத்தி ரசிகை: காசிமேட்டுல பொறந்துட்டா? வெளிய சொல்லிடாதீங்க.

எண்ணூர்க்காரன்: நல்லா இருக்கு உங்க தோல் சண்டை. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட கழிமுகத்துல எண்ணெய் படர்ந்தப்போ எங்க சித்தப்பா வலையைத் தூக்கினார், தார் மாதிரி சொட்டுச்சு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் விரல் இடுக்குல கறுப்பு போகல. அதைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல.

பழைய வாத்தியார்: எண்ணெய் வேற கதை தம்பி. நாம பேசுற பாதரசமும் டிடிடியும் வருஷக்கணக்கா அழியாம மீனுக்கு மீன் ஏறுற சரக்கு. நெத்திலியைத் தின்னது கானாங்கெளுத்தி, அதைத் தின்னது வஞ்சிரம், அதுக்கும் மேல சுறா. படிக்குப் படி கூடிக்கிட்டே போகும். விவசாயத்துக்கு டிடிடியை 1989லயே தடை பண்ணியாச்சு, கொசுவுக்கு மட்டும் விட்டு வச்சாங்க. அப்போ அடிச்சது இன்னும் சேத்துல கிடக்கு.

எண்ணூர்க்காரன்: வேற கதையாம். எங்க ஊருன்னாலே உங்களுக்கு வேற கதைதான்.

கிளாத்தி ரசிகை: அப்போ பிள்ளை பெத்தவளுக்குப் பால்சுறா புட்டு? பால் ஊறும்னு எங்க மாமியார் நாப்பது நாளும் ஊட்டினாங்களே!

பழைய வாத்தியார்: பால் கொடுக்கிறவங்க சுறாவைத் தொடவே வேண்டாம்னு அமெரிக்க அரசாங்கம் சொல்லுது.

காசிமேட்டுத் தம்பி: அமெரிக்காக்காரனுக்குப் புட்டு உதிர்க்கத் தெரியுமா? பால்சுறா சின்னது சார். உங்க படிக்கணக்குப்படியே பெரிய சுறாவுக்குத்தானே அதிகம்?

பழைய வாத்தியார்: பேச்சை மாத்தாதீங்க. தோல்.

சாம்பார் சங்கர்: இதுக்குத்தான் நாங்க கத்திரிக்காயோட நிறுத்திக்கிட்டோம்.

எண்ணூர்க்காரன்: அதுக்கு அடிக்கிற மருந்து தெரியுமா? அதையும் உரிச்சுத் தின்னுங்க.

காசிமேட்டுத் தம்பி: மழைநீர் வடிகால் விவாதத்துல நான் சொன்னது சரின்னு ஆனப்போ சார் பத்து நாள் ஆளைக் காணோம். அந்தக் கடுப்பு இங்க வழியுது.

பழைய வாத்தியார்: அப்போ எனக்குக் கண் ஆபரேஷன். "சுத்தம்"னு எழுதினதை அழிங்க.

காசிமேட்டுத் தம்பி: அழிக்க மாட்டேன்.

கிளாத்தி ரசிகை: ஞாயித்துக்கிழமை வஞ்சிரம் கிலோ என்ன போகும்னாவது சொல்லுங்க தம்பி.

காசிமேட்டுத் தம்பி: உரிச்சதா, உரிக்காததா?

பழைய வாத்தியார்: பாதரசம் சதையில இருக்கு.