மறு: 'காப்பிஸ்' என்பதற்குத் தமிழ்: மறுதாம்பு, தூர், தொல்காடு

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் பழைய காடுகளைப் பற்றித் தமிழில் எழுதும்போது 'காப்பிஸ்' (மரத்தைத் தரையோடு வெட்டி, அதே அடியிலிருந்து மறுபடி தளிர்க்க விட்டுக் கழிகளை எடுக்கும் முறை) என்பதை எப்படிச் சொல்வது என்று சென்ற வாரம் இங்கே எழுந்த கேள்விக்கு 'அடிவெட்டுக் காடு', 'கவாத்துக் காடு', 'குறுங்காடு' என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் பொருளைக் கண்ணால் பார்க்காமல் சொல்லைப் பற்றி வழக்காடுவது முறையன்று என்று தோன்றியதால், ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை சஃபோக் வட்டாரத்தில் உள்ள பிராட்ஃபீல்டு காட்டுக்குப் போய்ப் பாதி நாள் நடந்துவிட்டு வந்தேன். இந்த மடல் நீண்டுவிட்டதற்கு அந்த நடையே காரணம்.

பிராட்ஃபீல்டு பெரிய காடு அன்று. இடைக்காலத்தில் அது பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரத்து மடத்தின் உடைமையாக இருந்தது. 1252 முதல் இன்றுவரை அங்கே முறைவைத்து மரம் வெட்டப்பட்டு வருகிறது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு பகுதியை மட்டும் தரையோடு வெட்டுகிறார்கள். வெட்டிய அடியிலிருந்து அடுத்த வசந்தத்தில் புதுத் தண்டுகள் கிளம்புகின்றன. கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் பகுதி மறுபடி வெட்டுக்கு வந்துவிடுகிறது. ஹேசல் மரமாக இருந்தால் ஏழு முதல் பத்து ஆண்டுகளில் சுற்று முடியும். ஆஷ் மரத்துக்கு இன்னும் கூடுதலாக விடுவார்கள். இன்று சஃபோக் வனவிலங்கு அறக்கட்டளை இந்த வேலையைச் செய்கிறது. 1960களில் காட்டின் ஒரு பெரும்பகுதியை வேரோடு பிடுங்கி உழவு நிலமாக்கிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுநூறு ஆண்டுகள் வெட்டியபோது அழியாத காடு, வெட்டுவதை விட்டுப் பிடுங்கத் தொடங்கியதும் சில ஆண்டுகளில் போயிற்று. நம் கலைச்சொல் இந்த இரண்டு செயல்களையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதுதான் என் முதன்மையான கவலை.

அங்கே நான் அதிக நேரம் நின்றது ஒரு ஆஷ் மரத்தின் அடியில்தான். மரம் என்று சொன்னாலும் நடுமரம் எதுவும் அதில் இல்லை. பாசி படர்ந்த, முழங்கால் உயரத்துக்கும் குறைவான ஒரு கட்டை வளையம், நடுவில் பள்ளம், பள்ளத்தில் சென்ற ஆண்டின் இலைச்சருகும் கொஞ்சம் மழைநீரும். வளையத்தின் விளிம்பில் மணிக்கட்டுப் பருமனில் பத்துப் பன்னிரண்டு தண்டுகள் நேராக மேலே போயிருந்தன. ஆஷ் மரத்துக்கு இலை விடப் பிந்தும் ஆகையால் ஒவ்வொரு நுனியிலும் கரிக்கட்டை போன்ற கறுப்பு மொட்டு இன்னும் மூடியே இருந்தது. அடுத்த பகுதியில் அந்தக் குளிர்காலத்தில் வெட்டியிருந்தார்கள். வெட்டுமுகங்கள் எல்லாம் வெளிப்பக்கமாகச் சரிந்திருந்தன. மழைத்தண்ணீர் தங்கி அடிக்கட்டை அழுகாமல் இருப்பதற்காகவே அப்படிச் சாய்த்து வெட்டுவது. வெட்டிய சுள்ளிகளையே சுற்றிலும் அடுக்கி மான்கள் வராதபடி வேலி கட்டியிருந்தார்கள், ஏனென்றால் இளந்தளிரை மான் மேய்ந்துவிட்டால் அடுத்த சுற்றுக்குக் கழி கிடைக்காது.

இந்தக் காட்டில் உள்ள ஆஷ் அடிக்கட்டைகளில் சில ஆயிரம் ஆண்டு வயதுடையவை என்று மதிப்பிடப்படுகின்றன. வெட்டாமல் விட்ட ஆஷ் மரம் பெரும்பாலும் இரண்டு நூற்றாண்டு தாண்டுவதே அரிது. கிளாஸ்டர்ஷர் பகுதியின் வெஸ்டன்பர்ட்டில் சிற்றிலை லின்டன் மரம் ஒன்று இருக்கிறது. ஒரே அடியிலிருந்து சுமார் 60 தண்டுகள், ஏறத்தாழ 2000 ஆண்டு வயது என்கிறார்கள், கடைசியாக 2012இல் வெட்டினார்கள். (இந்த மரத்தை ஆங்கிலத்தில் 'லைம்' என்று சொல்வதால் அவசரத்தில் 'எலுமிச்சை' என்று மொழிபெயர்த்துவிட வேண்டாம்.) வெட்டுவதனால்தான் இந்த மரங்கள் சாகாமல் இருக்கின்றன.

இப்போது பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'அடிவெட்டு' என்பதில் வெட்டு மட்டுமே இருக்கிறது, தளிர்ப்பு இல்லை. படிப்பவர் காடழிப்பு என்றே எடுத்துக்கொள்வார். 'கவாத்து' தோட்டக்கலையில் நன்கு வழங்கும் சொல்தான். இலங்கை மலையகத்தில் தேயிலைச் செடியைக் 'கவ்வாத்து' வெட்டுவது அன்றாட வேலை. ஆனால் கவாத்து என்பது செடியை ஒரு வடிவத்துக்குக் கொண்டுவர அதன் மேற்பகுதியைக் கழிப்பது. தரையோடு வெட்டிக் கழிகளை அறுவடை செய்வதை அது சுட்டாது. அதோடு பழைய வாசகர்களுக்குப் போலீஸ் கவாத்தும் நினைவுக்கு வரும். 'குறுங்காடு' அழகான சொல்தான், ஆயினும் மியாவாக்கி முறையில் நெருக்கமாக நடப்படும் சிறு தோப்புகளுக்குத் தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. நட்டு ஐந்தாண்டு ஆனதற்கும் நடாமலே எண்ணூறு ஆண்டு நிற்பதற்கும் ஒரே பெயர் வைக்க முடியாது.

என் பரிந்துரை 'மறுதாம்பு'. இது நான் உருவாக்கிய சொல் இல்லை. கரும்பையும் சோளத்தையும் நெல்லையும் அறுத்தபின் அதே கட்டையிலிருந்து மறுபடி வருவதை உழவர்கள் மறுதாம்பு என்கிறார்கள், அகராதியிலும் இருக்கிறது. தைலமரம் போட்டிருந்த உறவினர் ஒருவர், வெட்டிய அடியிலிருந்து வந்த இரண்டாம் சுற்றை 'இது மறுதாம்பு' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்குக் கலைச்சொல் தேவைப்படவே இல்லை. எனவே காப்பிஸ் முறையை 'மறுதாம்பு முறை' என்றும், அந்த முறையில் வரும் காட்டை 'மறுதாம்புக் காடு' என்றும் சொல்லலாம். கரும்பில் மறுதாம்பு இரண்டு மூன்று சுற்றோடு விளைச்சல் குறைந்து முடிந்துவிடுமே, நூற்றாண்டுகள் ஓடும் ஒன்றுக்கு அது பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சொல் குறிப்பது சுற்றுகளின் எண்ணிக்கையை அன்று, அடிக்கட்டையிலிருந்து திரும்ப வருவதை. எத்தனை முறை வரும் என்பது பயிரைப் பொறுத்தது.

மற்ற உறுப்புச் சொற்கள் இதன்பின் எளிதாகவே அமைகின்றன. நான் வருணித்த அந்த அடிக்கட்டை வளையத்தை ஆங்கிலத்தில் 'ஸ்டூல்' என்பார்கள். எந்திர மொழிபெயர்ப்பு ஒன்றில் போட்டுப் பார்த்தபோது 'முக்காலி' என்று வந்தது. நமக்கோ 'தூர்' இருக்கிறது. மூங்கில் தூர், நெல் தூர் கட்டுதல் என்று ஓர் அடியிலிருந்து பல தண்டுகள் கிளைப்பதற்கு நாம் சொல்வது அதுதான். தண்டுகள் 'கழிகள்'. ஆண்டுதோறும் வெட்டும் பகுதிக்கு மேற்குத் தொடர்ச்சி மலையில் மரம் வெட்டியவர்கள் 'கூப்பு' என்கிறார்கள், காட்டுக்குள் போகும் பாதையைக் 'கூப்பு ரோடு' என்பதும் அதனால்தான். அது 'கூப்' என்ற அயற்சொல்லின் தமிழ் உரு என்று தூய்மை விரும்பும் அன்பர்கள் வருந்தக்கூடும். காட்டில் வேலை செய்தவர் வாயில் தேய்ந்து தமிழான சொல்லை விட்டுவிட்டு 'வெட்டுக்கூறு' என்று புதிதாய்ச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

சிறிது தயக்கத்தோடு ஒன்று. மறுதாம்புக்கு நடுவே ஆங்காங்கே ஓக் மரங்களை வெட்டாமல் வளர விடுவார்கள். வீட்டுச் சட்டத்துக்கும் கப்பலுக்கும் மரம் வேண்டுமே. ஏக்கருக்குப் பன்னிரண்டு மரமாவது இப்படி விட வேண்டும் என்று எட்டாம் ஹென்றி 1543இல் சட்டமே போட்டார். இவற்றின் ஆங்கிலப் பெயர் 'ஸ்டாண்டர்டு'. இதற்கு 'நிலைமரம்' எனலாம் என்று நினைக்கிறேன்: நிலைத்து நிற்பது ஒன்று, கதவு நிலைக்கு ஆவது இன்னொன்று. இரண்டாம் பொருள் தற்செயலாக அமைந்ததுதான், ஆனாலும் பழுதில்லை.

அடுத்தது, சென்னை அன்பர் தமிழ்ச்சொல் கேட்ட 'ஏன்ஷியன்ட் வுட்லேண்ட்'. இங்கிலாந்தில் 1600 முதல் இடையறாமல் காடாகவே இருந்துவரும் நிலத்துக்கு இது அலுவல் முறையான பெயர். ஸ்காட்லாந்தில் எல்லை ஆண்டு 1750. மரங்களின் வயது இதில் கணக்கில்லை. பிராட்ஃபீல்டில் சென்ற குளிர்காலத்தில் வெட்டிய பகுதியில் என் இடுப்புக்கு மேல் ஒன்றுமே இல்லை, இருந்தும் அது ஏன்ஷியன்ட் வுட்லேண்டுதான், ஏனென்றால் மண்ணும் தூரும் புல்பூண்டுகளும் தொடர்ந்து அங்கேயே இருக்கின்றன. இரண்டாண்டுக்கு முன் வெட்டிய பகுதியில் வெளிச்சம் விழுந்ததும் வெளிர்மஞ்சள் ஆக்ஸ்லிப் பூக்களும் நீலமணிப் பூக்களும் தரை தெரியாமல் நின்றன. இவை புது நிலத்துக்கு மிக மெதுவாகவே பரவுபவை ஆதலால், இவை மிகுந்திருப்பதைக் காட்டின் தொன்மைக்கு அடையாளமாகக் கொள்கிறார்கள்.

ஆகவே 'கன்னிக்காடு' தவறு. மனிதன் கை படாத காடு என்பது அதன் பொருள், இங்கோ ஒவ்வொரு தூரிலும் கோடரி பட்டிருக்கிறது. 'முதுமரக்காடு' என்பதும் பொருந்தாது, மேலே சொன்ன காரணத்தால். 'முதுகாடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் நடை எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் சங்கப் பாடல்களில் முதுகாடு என்றால் பிணம் சுடும் இடம். சுற்றுலாக் குறிப்பில் அதைப் போட்டால் இலக்கியம் படித்தவர்கள் வர மாட்டார்கள். 'தொல்காடு' போதும் என்பது என் முடிவு. இடையறாத் தன்மையை அது நேரே சொல்லவில்லை என்ற குறை உண்டு. முதல் முறை எழுதும்போது 'இடையறாத் தொல்காடு' என்று விரித்துவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

காடு என்ற பகுதியே குழப்பம் தருகிறது என்ற கோவை அன்பரின் எதிர்ப்புக்கும் ஒரு வரி. கொங்குநாட்டில் 'காட்டுக்குப் போகிறேன்' என்றால் மானாவாரி நிலத்துக்குப் போவது என்பது உண்மைதான். இங்கிலாந்திலும் இடைக்காலத்தில் 'ஃபாரஸ்ட்' என்றால் மரம் அடர்ந்த இடம் என்று பொருளில்லை. அரசனின் மான்களைக் காக்கத் தனிச் சட்டம் செல்லும் நிலப்பரப்பு என்றே பொருள். அதில் வயலும் ஊரும் வெட்டவெளியும் அடங்கும். 1217இல் வெளிவந்த காட்டுப் பட்டயம் அந்தச் சட்டத்தின் கடுமையைத் தணிக்கத்தான் வந்தது. அவர்கள் மொழியிலும் தீராத குழப்பத்தை நாம் தீர்க்க வேண்டியதில்லை.

எனக்கு விடை கிடைக்காதது 'பொலார்டு'. தரையோடு வெட்டாமல், மாடும் மானும் எட்டாத உயரத்தில், அதாவது ஆள் உயரத்துக்கு மேல், மரத்தின் தலையை வெட்டி அங்கிருந்து கிளைகளை விடுவது. ஹாட்ஃபீல்டு, எப்பிங், பர்னம் பீச்சஸ் ஆகிய இடங்களில் மேய்ச்சல் நிலத்தோடு சேர்ந்த காடுகளில் இத்தகைய மரங்களைப் பார்க்கலாம். எப்பிங்கில் ஊர்மக்களுக்குக் குளிர்காலத்தில் கிளை வெட்டும் உரிமை இருந்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டம் காட்டைக் காத்தது, கிளை வெட்டும் வழக்கத்தை முடித்தது. வெட்டாமல் விட்ட தலைகள் பருத்து, நிழல் இறுகி, கீழே புல்பூண்டு முளைக்காமல் போயிற்று. 'மொட்டை மரம்' என்றால் இலையுதிர்ந்த மரம் என்றாகும். 'தலைவெட்டு மரம்' தண்டனை போல ஒலிக்கிறது. நான் 'தலைமுறி மரம்' என்று எழுதிப் பார்த்தேன். பழந்தமிழில் முறி என்பது தளிரையும் குறிக்கும் ஆதலால் வெட்டும் துளிர்ப்பும் ஒரே சொல்லில் வருகின்றன. ஆனால் இன்றைய வாசகர் காதில் முறிந்து விழுவது மட்டுமே கேட்கும், எழுத்துப்பிழை திருத்துபவரோ 'தலைமுறை' ஆக்கிவிடுவார்.

யாழ்ப்பாணத்து அம்மையாரிடம் ஒரு வேண்டுகோள். வேலியில் நட்ட பூவரசங் கதியால் வளர்ந்து மரமானதும், ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் குழை வெட்டியபின் மறுபடி தழைக்க விடுவீர்கள் அல்லவா. வெட்டிய தலையோடு நிற்கும் அந்த மரத்துக்கு உங்கள் ஊரில் தனிப்பெயர் இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள், என் 'தலைமுறி'யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்.