இத்தாலி துரோகியா?

நித்யா: பேச்சுப் போட்டிக்குத் தலைப்பு வந்துவிட்டது: முத்தரப்புக் கூட்டணிகள். "1882-இல் ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரியோடு சேர்ந்த இத்தாலி 1915-இல் துரோகம் செய்தது" என்று தொடங்கப் போகிறேன்.

கார்த்தி: கைதட்டல் நிச்சயம் 👏

பெரியப்பா: கைதட்டல் கிடைக்கும், ஆனால் பாதிதான் உண்மை. அது தற்காப்பு உடன்படிக்கை. 1914 ஜூலையில் செர்பியாமீது போர் தொடுத்தது யார்?

நித்யா: ஆஸ்திரியா.

பெரியப்பா: அப்புறம் இத்தாலி எதற்குப் போக வேண்டும்? பால்கனில் ஆஸ்திரியா இடம் பிடித்தால் இத்தாலியைக் கலந்துபேசி ஈடு தர வேண்டும் என்று ஒரு பிரிவும் இருந்தது. கலந்துபேசாமலேயே செர்பியாவுக்கு இறுதி எச்சரிக்கை போனது. ஆகஸ்டில் இத்தாலி நடுநிலை என்றதில் குற்றம் சொல்ல முடியாது.

அத்தை: அதுவரை சரி அண்ணா. 1915 ஏப்ரல் 26 அன்று லண்டனில் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யாவோடு ரகசியமாகக் கையெழுத்துப் போட்டதை என்ன சொல்வீர்கள்? டிரென்டினோவும் டிரியெஸ்டேயும் தருகிறோம் என்றதும், மே 23 அன்று பழைய கூட்டாளிமீதே போர்!

பெரியப்பா: பேரம்தான், மறுக்கவில்லை. அந்த நிலங்கள் ஆஸ்திரியா கையில் இருந்தவை. இத்தாலிக்கு அவற்றின்மேல் முதலிலிருந்தே கண். 1882-இல் சேர்ந்ததே, முந்தைய ஆண்டு துனிசியாவைப் பிரான்ஸ் பிடித்துக்கொண்ட கோபத்தில்தான். கோபம் ஆறியதும், 1902-இல் பிரான்சோடும் ரகசியமாகப் பேசி முடித்துவிட்டார்கள்.

கார்த்தி: அடேங்கப்பா! பிறகு எப்படி இத்தனை காலம் ஓடியது?

பெரியப்பா: பெரிய போர் வரவில்லை, ஓடியது. 1912 வரை புதுப்பித்துக்கொண்டே இருந்தார்கள்.

நித்யா: எதிர்ப்பக்கம் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா உறுதியாகத்தானே இருந்தார்கள்?

அத்தை: மூவரும் சேர்ந்து போட்ட ஒப்பந்தமே 1914 செப்டம்பர் வரை கிடையாது, கண்ணு. ரஷ்யாவும் பிரான்சும் 1894-இல், பிரிட்டனும் பிரான்சும் 1904-இல், பிரிட்டனும் ரஷ்யாவும் 1907-இல் என்று ஜோடி ஜோடியாகப் போட்டவை. பின்னவை இரண்டும் எகிப்து, மொராக்கோ, பாரசீகம் என்று தங்கள் தகராறைத் தீர்த்துக்கொண்டவைதான். போர் தொடங்கிய பிறகுதான், தனியாகச் சமாதானம் பேசமாட்டோம் என்று மூவரும் எழுதிக் கொடுத்தார்கள். 1918 மார்ச்சில் ரஷ்யாவின் புதிய ஆட்சி பிரெஸ்ட்-லிடோவ்ஸ்கில் ஜெர்மனி தரப்போடு தனியாகவே பேசி முடித்துவிட்டது.

கார்த்தி: ஹிட்லரின் கூட்டு?

பெரியப்பா: 1940 செப்டம்பர் 27, பெர்லின். ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான். அதிலும் மூவரில் ஒருவர் தாக்கப்பட்டால்தான் உதவி, சோவியத் யூனியன் விஷயத்தைத் தொடுவதே இல்லை. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத்துக்குள் புகுந்தபோது ஜப்பான் கூடப் போகவில்லை. ஏப்ரலில்தான் அது சோவியத்தோடு நடுநிலை ஒப்பந்தம் போட்டிருந்தது! டிசம்பரில் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கியது ஜப்பான், எனவே ஹிட்லருக்குக் கடமையே இல்லை. ஆனாலும் 11-ஆம் தேதி அமெரிக்காமீது போர் அறிவித்தார். எனக்கு இன்றும் புரியாத முடிவு.

நித்யா: அண்மைக் காலத்தில் ஏதாவது?

அத்தை: 1951-இன் அன்சுஸ் பாதுகாப்பு ஒப்பந்தம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா. அணுசக்திக் கப்பல்களை உள்ளே விடமாட்டேன் என்றது நியூசிலாந்து. 1986-இல் அமெரிக்கா நியூசிலாந்துக்கான பாதுகாப்புப் பொறுப்பை நிறுத்திவைத்தது. ஆஸ்திரேலியா மட்டும் இருவரோடும் உறவைத் தொடர்ந்தது.

நித்யா: நான்கு நிமிடம்தான் தருவார்கள். ஹிட்லரை விடவா, நியூசிலாந்தை விடவா?

அத்தை: ஹிட்லரை விடு. அவரைப் பற்றி மற்ற எல்லோரும் பேசுவார்கள்.

பெரியப்பா: நானும் அதைத்தான் சொல்வேன் 👍